அறுபத்தொன்று

பதினாறு என்று அடிக்க நினைத்தேன்.
விரல் அறுபத்தொன்று என்று அடித்தது.
'சேமி'யைத் தொட்டேன். அவ்வளவுதான்.
ரௌட்டர் ஒருமுறை கண்ணை மூடித் திறந்து
வேறு ஊருக்குக் குடிபோய்விட்டது,
அதே அலமாரியில்
அதே காலஃபாத்தே ஜாம் புட்டிக்குப் பக்கத்தில்
இருந்தபடியே.

புந்தா அரேனாஸில் ஜூன் மாதம்.
ஐந்தரைக்கே பொழுது அடைந்துவிடுகிறது.
நீரிணையிலிருந்து ஏறிவரும் காற்று
தகரக் கூரையின் ஒவ்வோர் ஆணியையும்
தனித்தனியாக விசாரித்துக்கொண்டிருந்தது.

முகவரி வழங்கும் வேலையையும்
சற்று முன்புதான் நிறுத்தியிருந்தேன்:
எல்லாருக்கும் இனி நானே கையால் தருவேன்
என்கிற திமிர்.
துறைமுகத்தில் கொள்கலன்களுக்கு எண் போடுகிறவள் நான்.
இருபது வருடத்தில் ஒரு பெட்டியும்
தவறான கப்பலில் ஏறியதில்லை.
(சரி, ஒன்று. உறைந்த நண்டு.
போர்வெனிர் போய்த் திரும்பி வந்தது.)

பழைய முகவரியைத் தட்டினேன்.
திரையில் வட்டம் சுற்றியது, சுற்றியது,
பிறகு அதுவும் ஓய்ந்தது.
மாடியிலிருந்து நஹுவேல்
"அம்மா!" என்றான்.
ஒரு வாரத்தில் அவன் என்னை அழைத்த
முதல் முறை.

ரௌட்டரின் அடிவயிற்றில் ஊசி நுழையுமளவு ஒரு துளை.
பத்து நொடி குத்திப் பிடித்தால்
எல்லாம் மறந்து
பிறந்த குழந்தையாகிவிடும்.
ஊசியை எடுத்தேன்.
ஏனோ மறுபடி நூல்கண்டில் செருகிவைத்தேன்.

அப்போதுதான் மேற்குச் சுவரில்
மூன்று தட்டு.

ஒவிதியோ மன்ஸீயா.
பதினான்கு மாதமாக நாங்கள் பேசுவதில்லை.
காற்று சாய்த்த வேலியை யார் காசில் நிமிர்த்துவது
என்பதில் தொடங்கி
அவருடைய நாய், என்னுடைய விறகு, அவருடைய செத்துப்போன அம்மா
வரைக்கும் போய்விட்டது பேச்சு.
நான் பதிலுக்குத் தட்டவில்லை.

கம்பியை ரௌட்டரின் முதுகில் செருகினேன்.
மடிக்கணினியிடம், பேசாதே, கேள் என்றேன்.
கம்பியில் போவதையெல்லாம் வரிவரியாக
எழுதிக்காட்டும் ஒரு நிரல்.
முதலில் ஒன்றுமில்லை.
மாதே ஆறியது.
பிறகு ஒரு வரி:
நான் இங்கே இருக்கிறேன், 192.168.61.1
கொஞ்சம் பொறுத்து மறுபடி அதே வரி.
கேட்க ஆளில்லாத வீட்டில்
அது பாட்டுக்குத் தன் விலாசத்தைச்
சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.
அது ஒளியவில்லை.
நான்தான் வேறு தெருவில் நின்று
கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

அதை இங்கே வரவழைக்க வழியில்லை.
நான்தான் போகவேண்டும்.
என் கணினியின் முகவரியை அழித்தேன்.
கையால் எழுதினேன், இம்முறை
ஒவ்வோர் எண்ணையும் வாய்விட்டுச் சொல்லி:
அறுபத்தொன்று, புள்ளி, இரண்டு.
தவறுக்கு அடுத்த வீடு.

கதவு திறந்தது.
யார் நீ என்றது. கடவுச்சொல் கொடுத்தேன்.
அனுமதி பெற்றவர்களின் பட்டியல்
கலையாமல் அப்படியே இருந்தது.
எதெல்மிரா-கணினி.
நஹுவேல்-கைபேசி.
மூன்றாவது வரி: ஒவிதியோ-டிவி.

முட்டி அறுவை முடிந்து அவர் படுத்துக்கிடந்த குளிர்காலத்தில்
என் கையாலேயே சேர்த்த வரி.
நேராக 'நீக்கு'.
சுட்டி அதன்மேல் நின்றது,
தேநீர்க் கரண்டி நிற்கிற மாதிரி,
சர்க்கரை போட்டோமா இல்லையா என்று
நினைவில்லாதபோது.

ஊசியை ஏன் திரும்ப வைத்தேன் என்று
அப்போது தெரிந்தது.
தெரிந்ததை
யாரிடமும் சொல்லப்போவதில்லை.

முகவரி வழங்கும் வேலையை
ரௌட்டரிடமே திருப்பிக் கொடுத்தேன்.
அறுபத்தொன்றைப் பதினாறாக்கவில்லை.
இருக்கட்டும். வழி தெரிந்துவிட்டது.

மாடியில் நஹுவேலின் கதவு
மூடும் சத்தம்.
சுவருக்கு அந்தப்பக்கம்
கால்பந்து வர்ணனையாளர் பாதி வாக்கியத்தில் உயிர்பெற்று
யாரோ தவறவிட்ட கோலுக்காகக் கதறினார்.
ஒவிதியோ ஏதோ திட்டினார், என்னையில்லை.

வேலி இன்னும் சாய்ந்துதான் கிடக்கிறது,
கொஞ்சம் அவர் பக்கம்.